சிவப்பில் இரண்டு ரகம்

மாசி பிறந்து ஐந்தாம் நாள் ஒரு தூறல் விழுந்தது. அது விழாமலே இருந்திருக்கலாம். மண் மேலாக நனைந்ததோடு நின்றுவிட்டது. காப்பி மொக்கு அதுவரை பச்சை ஊசி மாதிரி தூங்கிக் கிடக்கும். நாலு சொட்டுப் பட்டால் முழித்துக்கொள்ளும். முழித்த பிறகு பத்து நாளுக்குள் நல்ல மழை வேண்டும், இல்லையென்றால் மோட்டார் போட்டு நனைக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் மொக்கு கருகி உதிரும். அந்த வருஷம் பழம் கிடையாது. ஆறு நாள் வானத்தைப் பார்த்தோம். வெளுத்தே கிடந்தது.

எங்கள் ஊர் வெள்ளக்கடையில் ஓடைக்குட்டையை நம்பி நாலு தோட்டம் இருக்கிறது. மோட்டாரும் குழாயும் ஸ்பிரிங்ளரும் நாலு பேருக்கும் பொது. ஒரு தோட்டத்தை நனைக்க ஒரு முழுப் பகல் வேண்டும். அந்த வருஷம் குட்டையில் மூன்று பகலுக்குத்தான் தண்ணீர் இருந்தது. நாலாவது ஆளுக்குச் சேறு. அந்த நாலாவது ஆள் யார் என்பதுதான் பேச்சு.

மற்ற மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன். என் தோட்டத்துக்கு மேலே ஜீவானந்தம். எங்களுக்குள் வேலி ஒன்றுதான், ஆனால் அந்த வேலியைப் பற்றி இருபது வருஷமாகப் பேச்சு இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் கலா. அவள் புருஷன் சேலத்தில் லாரி ஓட்டுகிறான். தோட்டம் முழுக்க அவள் கைதான். மூன்றாவது ஆள் கந்தசாமி. சேலத்துக்காரர். ஏற்காடு ஏரி பக்கம் ஓட்டல் வைத்திருக்கிறார், இங்கே ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறார். நான் பொன்னுவேல். எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் பழம் பறித்தேன். மூன்றாவது வரை பள்ளிக்கூடம் போனேன்.

தண்ணீர் முறையை முன்பெல்லாம் கோயிலில் பூக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். பூசாரி ஜீவானந்தத்துக்கு மச்சான். அது சரிப்படாது என்று நான் சொன்னேன். பிறகு காகிதத்தில் பேர் எழுதிக் குலுக்கினார்கள். போன வருஷம் நாலு காகிதத்தையும் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். மூன்று ஒரு மடிப்பு, ஒன்று மட்டும் இரண்டு மடிப்பு. அதையும் சொன்னேன். அன்றைக்கு எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். மடிப்பு மடிப்புதானே.

இந்த வருஷம் கந்தசாமி ஒரு யோசனை சொன்னார். சீட்டுக்கட்டில் கழுதை ஆட்டம் ஆடலாம், அவரவர் கை, அவரவர் சாமர்த்தியம், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது என்றார். முதலில் கை காலியாகிறவருக்கு முதல் நாள் தண்ணீர். அடுத்தவருக்கு அடுத்த நாள். கடைசி வரை சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை. குட்டையில் மிஞ்சியது அவருக்கு.

எனக்குச் சீட்டு ஆடத் தெரியாது. எஸ்டேட் லைனில் ஞாயிற்றுக்கிழமை ஆடுவார்கள், நான் பக்கத்தில்கூடப் போனதில்லை. சீட்டைக் கையில் எடுத்தவன் எதிராளியை ஏமாற்றத்தானே எடுக்கிறான். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் சம்சாரம் அத்தாயி மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"பூவும் வேண்டாம்னீங்க. காகிதமும் வேண்டாம்னீங்க. இதுக்கும் மாட்டேன்னா அவங்க மூணு பேரும் எடுத்துட்டுப் போயிருவாங்க. நாம உதிர்ற மொக்கப் பாத்துக்கிட்டு ஊட்டுல உக்காந்துக்கலாம்."

போனேன்.

ஜீவானந்தத்தின் களத்தில் உட்கார்ந்தோம். காலை பத்து மணி இருக்கும். காய்ந்த காப்பியை ஒரு ஓரம் தள்ளிவிட்டுச் சாக்கு விரித்திருந்தார்கள். கந்தசாமி எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. நாலு ரகம்: இஸ்பேடு, கிளாவர், ஆர்ட்டின், டைமன். கருப்பில் இரண்டு, சிவப்பில் இரண்டு. ஒருவர் எந்த ரகம் போடுகிறாரோ மற்றவர்களும் அதே ரகம் போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் செத்துப் போச்சு, ஓரமாக வைத்துவிடலாம். அதில் பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்து ஆரம்பிக்க வேண்டும். அந்த ரகம் கையில் இல்லாதவர் வேறு ரகம் போட்டு வெட்டலாம். வெட்டினால் ஆட்டம் அங்கேயே நிற்கும். அதுவரை பெரிய சீட்டுப் போட்டவர் கீழே கிடப்பதை எல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும்.

நான் கேட்டேன், பெரிய சீட்டுப் போட்டவன்தானே ஜெயித்தவன், அவனுக்கு எதற்குத் தண்டனை என்று. அப்படித்தான் ஆட்டம் என்றார். சீட்டு நிறைய வைத்திருப்பவன் எப்படித் தோற்றவன் என்று கேட்டேன். அதற்கும் அப்படித்தான் என்றார். செத்த சீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். யாரும் பார்க்க வேண்டாம், அது செத்துவிட்டது என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. களத்து ஓரத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தேன். செத்ததெல்லாம் அந்தக் கல்லுக்கு அடியில் போக வேண்டும் என்றேன். ஜீவானந்தம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கலா கண்ணைக் காட்டியதும் அடங்கிவிட்டான்.

இஸ்பேடு ஆஸ் வைத்திருப்பவர்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். அது என் கையில் இருந்தது. போட்டேன். மற்ற மூன்று பேரும் இஸ்பேடு போட்டார்கள். கல்லுக்கு அடியில் போனது. என்னுடையதுதான் பெரியது, மறுபடியும் நான். கிளாவர் ஆஸ் போட்டேன். கலா கிளாவர் இல்லை என்று டைமன் ஜாக்கியைப் போட்டாள். என்னை அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். அள்ளினேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. முன்னால் இருந்ததைவிட ஒன்று அதிகம். அடுத்து கிளாவர் ராஜாவைப் போட்டேன். கலா இன்னொரு சிவப்பைப் போட்டாள். அதையும் அள்ளினேன். மறுபடி கிளாவரையே எடுத்தேன்.

"மாமா, இப்பிடியே போனா எனக்கு நொம்ப நல்லதுங்க," என்றாள் கலா. "என்ற சுமையெல்லாம் நீங்க தூக்கிக்கறீங்க."

எடுத்த சீட்டைத் திரும்ப வைத்தேன். அப்போதுதான் லேசாகப் பிடிபட்டது. இந்த ஆட்டத்தில் சேர்க்கிறவன் முட்டாள். எஸ்டேட்டில் மூட்டை நிறைந்தால்தான் ரைட்டர் பேர் எழுதுவான். இங்கே கூடையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு ஓடுகிறவன்தான் கெட்டிக்காரன். சரி, சின்னதாகப் போட வேண்டும். எது போட்டாலும் கீழே கிடப்பதைவிடச் சின்னதாகப் போட வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. கருப்பு விழுந்தது, சிவப்பு விழுந்தது, கல்லுக்கு அடியில் போனது, இரண்டு முறை ஜீவானந்தம் அள்ளினான். கலா கையை விரித்துக் காட்டினாள். காலி. முதல் நாள் தண்ணீர் அவளுக்கு. எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன், போகவில்லை. கருப்பட்டிக் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

இப்போது மூன்று பேர். ஜீவானந்தம் போட்டால் அடுத்து கந்தசாமி, அதற்கடுத்து நான். ஜீவானந்தம் ஆர்ட்டின் ராஜாவைப் போட்டான். கந்தசாமி ஏழு போட்டார். என் கையில் சிவப்பில் ஒன்பது இருந்தது. அதை உருவினேன். அதைவிடச் சின்னதாக ஒரு மூன்று கிடந்தது. ஒன்பதை உள்ளே செருகிவிட்டு மூன்றைப் போட்டேன். ஜீவானந்தத்தின் முகம் சுண்டிவிட்டது. மூன்று சீட்டையும் அவன் அள்ளிக்கொண்டான்.

எனக்கு விளங்கவில்லை. ராஜா சிவப்பு, ஏழு சிவப்பு, மூன்று சிவப்பு. மூன்று பேரும் ஒரே ரகம்தான் போட்டிருக்கிறோம். கல்லுக்கு அடியில் போக வேண்டியதுதானே. இவன் எதற்கு அள்ளுகிறான். இதில் ஏதோ சூது இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவன் கையில்தான் சீட்டு ஏறுகிறது, எனக்கு நஷ்டமில்லை. காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

அள்ளியவன்தான் ஆரம்பிக்க வேண்டும். ஜீவானந்தம் நன்றாக யோசித்து ஆர்ட்டின் ஐந்தைப் போட்டான். கந்தசாமியை ஓரக்கண்ணால் பார்த்தான். கந்தசாமி இரண்டைப் போட்டார். நான் ஐந்தைவிடச் சின்னதாக நாலு ஒன்று வைத்திருந்தேன், சிவப்பு. போட்டேன். மறுபடியும் ஜீவானந்தம் அள்ளினான். கொஞ்சம் பொறுத்து ராணியைப் போட்டான். கந்தசாமி பத்து. கலாவிடமிருந்து என் தலையில் விழுந்த ஜாக்கி இன்னும் கையில் இருந்தது. ராணிக்கு ஜாக்கி சின்னதுதான். போட்டேன். அதையும் அள்ளினான். அவன் கையில் சீட்டு விசிறி மாதிரி விரிந்துவிட்டது, பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"பெரியவரு கத்துக்கிட்டாருங்க," என்றார் கந்தசாமி. ஜீவானந்தத்திடம்தான் சொன்னார், பார்வை மட்டும் காப்பி டம்ளரில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கந்தசாமியும் கை காலியாகி வெளியேறினார். மிச்சம் நானும் ஜீவானந்தமும். அவனிடம் ஒரு கைப்பிடி. என்னிடம் இரண்டு. இஸ்பேடு ஆறு ஒன்று, அந்த ஒன்பது ஒன்று. ஜீவானந்தம் இஸ்பேடு மூன்று போட்டான். நான் ஆறு போட்டேன். இரண்டும் கல்லுக்கு அடியில் போயின. என்னுடையது பெரியது, நான்தான் ஆரம்பிக்க வேண்டும். இருந்த ஒரே சீட்டைக் கீழே வைத்தேன். கை காலி. மூன்றாம் நாள் எனக்கு. என் மொக்கு பிழைத்தது. எழுந்திருக்கக் கையை ஊன்றினேன்.

ஜீவானந்தம் அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எங்கிருந்துங்கண்ணா வந்துச்சு?"

எங்கிருந்து வரும், கையிலிருந்துதான் என்றேன்.

"மூணு தடவ ஆர்ட்டின வெட்டினீங்க. ஆர்ட்டினே இல்லாதவருதான் வெட்டுவாரு. இது ஆர்ட்டின் ஒன்பது."

நான் வெட்டவே இல்லை என்றேன். சிவப்புப் போட்டாய், சிவப்புப் போட்டேன். நீயாக அள்ளினாய், ஏன் அள்ளினாய் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது என்னைக் கேட்கிறாயா என்றேன். அவன் தன் கையிலிருந்து நான் போட்ட மூன்றை உருவி, அந்த ஒன்பதுக்குப் பக்கத்தில் வைத்தான். குனிந்து பார்த்தேன். சிவப்பு, சிவப்பு. எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று நுனி கீழே பார்த்த வெற்றிலை மாதிரி இருந்தது. இன்னொன்று சாய்த்து வைத்த கட்டம். கருப்பில் இந்தக் குழப்பம் எனக்கு வரவில்லை, ஒன்றுக்கு மூன்று குமிழ் இருந்தது. சிவப்பில் நான் உருவத்தையே பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் செடிக்குள் கையை விட்டுச் சிவப்பை மட்டும் பறித்துப் பழகிய கண். பச்சை கலந்தால் மேஸ்திரி கூடையைக் கவிழ்த்துவிடுவான். நீளமா உருண்டையா என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. சிவப்பில் இரண்டு ரகம் என்று கந்தசாமி சொன்னது காதில் விழத்தான் விழுந்தது. மண்டையில் இடம் பிடிக்கவில்லை.

இதைச் சொன்னேன். ஜீவானந்தம் நம்பவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"மாமாவுக்கு மெய்யாலுமே தெரியலீங்க," என்றாள் கலா.

"தெரியாமச் செஞ்சாலும் கருகறது என்ற மொக்குதான்," என்றான் ஜீவானந்தம். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் கந்தசாமியைப் பார்த்தேன். அவர் எனக்கு ஒட்டின மாதிரி உட்கார்ந்திருந்தவர். நான் ஒன்பதை உருவி உள்ளே செருகினபோது அவர் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. உமக்குத் தெரியுமா என்று கேட்டேன். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"மொதல் தடவையே பாத்தேனுங்க. எனக்குத் தோதா இருந்துச்சு, சொல்லல. அடுத்தவங்க தப்ப எடுத்துச் சொல்லோணும்னு ஆட்டத்துல எங்கயும் இல்லீங்களே."

அது உண்மையா என்று கலாவைக் கேட்டேன். உண்மைதான் என்றாள். அப்படியானால் தப்பாகப் போட்டவனுக்கு என்ன சட்டம் என்று கேட்டேன். கந்தசாமிதான் சொன்னார்: கள்ள ஆட்டம் ஆடினவர் மிச்சச் சீட்டை எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும், அவர்தான் கழுதை. இதைச் சொல்லும்போது அவருக்குக் கூச்சமே இல்லை. அவர் தண்ணீர் இரண்டாம் நாள், அது யாராலும் அசையாது.

தெரியாமல் போட்டவன் கள்ளன், தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் ஆட்டக்காரன். இது என்ன கணக்கு. கந்தசாமியைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எழுந்தேன். எழுந்தவன் நின்றுவிட்டேன். ஜீவானந்தம் முதல் தடவை அள்ளினபோது எனக்கும்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. கேட்க வாய் வரை வந்தது. எனக்கு நஷ்டமில்லை என்று காப்பி குடித்தேன். அந்த இடத்தில் எனக்கும் கந்தசாமிக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். கொஞ்சம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

இருபது வருஷமாக ஜீவானந்தம் என்னை ஏமாற்றுவான் என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காவல் காத்திருக்கிறேன். ஏமாந்தது அவன். ஏமாற்றியது நான். அதுவும் எப்படி ஏமாற்றினேன் என்று தெரியாமலே.

அவன் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். கொடு என்றேன். அவன் முதலில் கொடுக்கவில்லை. பிறகு அவ்வளவு சீட்டையும் என் கையில் வைத்தான். இரண்டு மூன்று நழுவி விழுந்தன, கலா பொறுக்கிக் கொடுத்தாள். அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிரே ஆட ஆள் இல்லை. சாக்கின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அத்தாயியிடம் நாலாவது என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்து இடையில் எனக்கே புரியாமல் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் கலா தோட்டத்தில் மோட்டார் ஓடியது. அதற்கு மறுநாள் கந்தசாமி தோட்டத்தில். மூன்றாம் நாள் காலையில் ஜீவானந்தம் ஆரம்பித்தான். நான் குட்டையைப் போய்ப் பார்த்தேன். முழங்கால் ஆழம்கூட இல்லை. சாயந்திரத்துக்குள் குழாய் வாய் காற்றைத்தான் இழுக்கும். என் மொக்கில் சிலது நுனி பழுத்திருந்தது, கிள்ளிப் பார்த்தால் உள்ளே இன்னும் பச்சை இருந்தது.

ஸ்பிரிங்ளரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இடம் மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் விட்டால் அந்த இடம் சேறாகும், மற்றது காயும். உச்சி வெயிலில் ஜீவானந்தம் அதைத் தூக்கிவந்து வேலி ஓரத்தில் நட்டான். அதன் தலை சுற்றச் சுற்றத் தண்ணீர் பாதி வட்டம் அவன் பக்கம் விழுந்தது, பாதி வட்டம் என் பக்கம். என் செடி நாலு வரிசை நனைந்தது. ஓரத்து வரிசைக்காக வைத்திருப்பான், சிந்துவது சிந்தட்டும் என்று விட்டிருப்பான் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. அவன் மாற்றவில்லை. தூங்கிவிட்டானா என்று வேலி ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். பாறை மேல் உட்கார்ந்திருந்தான். முழித்துத்தான் இருந்தான். அவன் மேல்வரிசைகள் அன்றைக்குத் தண்ணீரே பார்க்காமல் காய்ந்து கிடந்தன.

"ஏப்பா, தண்ணி இந்தப் பக்கம் விழுகுது," என்றேன்.

"ஆமாங்கண்ணா," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். வேண்டுமென்றே வைத்தானா, சலித்துப்போய் விட்டுவிட்டானா, நாளைக்கு இதை வைத்து வேலி விஷயத்தில் ஏதாவது கேட்கப் போகிறானா, எதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை. நன்றி சொன்னால், எனக்காக வைத்தேன் என்று யார் சொன்னது என்று கேட்டுவிடுவானோ என்று இருந்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவானோ என்றும் இருந்தது. நனைகிற நாலு வரிசைக்கு நடுவில் போய் நின்றேன். சட்டை நனைந்தது, தலை நனைந்தது. குட்டையில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் இருமுகிற வரை அவனும் பாறையைவிட்டு இறங்கவில்லை, நானும் அங்கிருந்து நகரவில்லை.